பெடல் மிதித்தால் நீர்மூழ்கி எவ்வளவு வேகம் போகும்?

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு நீர்மூழ்கி சாதனை படைத்தது. பெயர் ஓமர் 5. கட்டியவர்கள் கனடாவின் மான்ட்ரியால் நகரில் உள்ள எக்கோல் தெ டெக்னோலொஜி சுப்பீரியூர் என்ற பொறியியல் கல்லூரியின் மாணவர்கள். இன்ஜின் கிடையாது, மோட்டார் கிடையாது. உள்ளே இருந்தது இரண்டு பேர். மனித உடல் வலிமைதான் அதை நகர்த்தியது. வேகம் 8.035 நாட். அதாவது மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

காலையில் பால் வாங்கச் சைக்கிளில் போகிறவரின் வேகம்தான் இது. இதற்கு ஒரு கல்லூரியே ஆண்டுக்கணக்கில் உழைத்ததா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டை வேகத்தின் அளவை வைத்து எடைபோடக் கூடாது. மிதிப்பவரின் காலில் பிறக்கும் ஆற்றல் எங்கெங்கே சிந்திப்போகிறது என்று தேடிப்பிடித்து அடைப்பதுதான் இதில் நடக்கும் வேலை. அந்தத் தேடலைப் புரிந்துகொண்டால், எட்டு நாட் எத்தனை பெரிய எண் என்பது தெரியும்.

முதலில் ஒரு தவறான கற்பனையைக் கலைத்துவிட வேண்டும். நீர்மூழ்கி என்றதும் உலர்ந்த அறை, தடித்த இரும்புச் சுவர், உள்ளே சாதாரணமாக மூச்சு விடும் மனிதர்கள் என்றுதான் நினைப்போம். பந்தய நீர்மூழ்கி அப்படிப்பட்டதல்ல. அதன் உட்புறம் முழுவதும் தண்ணீர். ஓட்டுபவர் முகமூடி அணிந்து, ஸ்கூபா சிலிண்டரிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டு, பெரும்பாலும் குப்புறப் படுத்தபடி பெடல் மிதிப்பார். வெளியே இருக்கும் கண்ணாடியிழைக் கூடு அவரைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதற்காக இல்லை. தண்ணீர் அவரைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போவதற்காகத்தான் இருக்கிறது.

ஏன் உள்ளே தண்ணீரை விடவேண்டும்? இரண்டு கணக்குகள் போதும். ஒரு கன மீட்டர் கொள்ளளவு உள்ள கூட்டில் காற்று நிரம்பியிருந்தால், அதை மூழ்கவைக்க ஏறத்தாழ ஒரு டன் எடை ஏற்ற வேண்டும். அது முதல் தொல்லை. இரண்டாவது தொல்லை உயிர் சம்பந்தப்பட்டது. ஆறு மீட்டர் ஆழத்தில், 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கதவின் மேல் வெளித் தண்ணீர் கிட்டத்தட்ட 1,800 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். உள்ளே சாதாரணக் காற்றழுத்தம் இருந்தால் அந்தக் கதவை எந்தப் பயில்வானாலும் வெளிப்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. உள்ளேயும் தண்ணீர் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஒரு கையால் தள்ளினால் திறந்துகொள்ளும். கூடும் மெல்லியதாக இருக்கலாம்.

உலர்ந்த கூட்டுக்குள் மனிதர்களை அடைத்து, கை வலிமையால் ஓட்டிப் பார்த்த காலமும் உண்டு. 1620இல் டச்சுக்காரரான கார்னேலிஸ் டிரெபல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் துடுப்புப் போட்டு ஓடும் மூழ்கிப் படகைக் காட்டினார். 1776இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது டேவிட் புஷ்னெல் கட்டிய டர்ட்டில், ஒற்றை ஆள் கையால் புரொப்பல்லரைச் சுழற்ற, நியூயார்க் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில் வெடியைப் பொருத்த முயன்று தோற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வந்த ஹன்லி என்ற நீர்மூழ்கியின் கதை கொடுமையானது. ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே தண்டைக் கையால் சுற்ற, எட்டாவது ஆள் திசை பார்ப்பார். சோதனை ஓட்டங்களிலேயே இரண்டு முறை மூழ்கி, அந்தத் திட்டத்துக்குப் பணம் போட்டு முன்நின்ற ஹொராஸ் ஹன்லி உட்பட 13 பேரைப் பலிகொண்டது. 1864 பிப்ரவரியில் ஹூசடானிக் என்ற கப்பலைத் தகர்த்து, போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி என்று பெயர் வாங்கியது. அன்றிரவே தன் எட்டுப் பேருடன் தானும் காணாமல் போனது. 2000ஆம் ஆண்டில்தான் அதைக் கடலடியிலிருந்து தூக்கி எடுத்தார்கள்.

இன்றைய பந்தயங்களுக்கு இந்தப் போர்க் கதைகளோடு உறவு குறைவு. 1989இல் புளோரிடாவின் ரிவியரா பீச்சில் சர்வதேச நீர்மூழ்கிப் பந்தயம் முதன்முதலாகக் கடலில் நடந்தது. 1995 முதல் அது மேரிலாந்தின் கார்டராக்கில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வு நிலையத்துக்குள் இடம் மாறிவிட்டது. கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டி அங்கே இருக்கிறது. டேவிட் டெய்லர் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். மாதிரிகளை இழுக்கும் வண்டி ஓடும் தண்டவாளத்தை, நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பூமியின் வளைவை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். பந்தயம் நடக்கும் பகுதியில் ஆழம் கிட்டத்தட்ட 6.7 மீட்டர். அலை இல்லை, நீரோட்டம் இல்லை, கலங்கல் இல்லை. யார் கட்டியது நல்ல நீர்மூழ்கி என்று அளந்து பார்க்க இதைவிட நியாயமான இடம் அமையாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் அங்கே பந்தயம் நடப்பது வழக்கம். மாணவர் அணிகள்தான் அதிகம்.

எட்டு மடங்கு என்ற சுவர்

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அது மட்டுமே பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். உண்மையான தடை வேறு. வேகம் இரட்டிப்பானால் நீரின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை எதிர்த்து இரட்டிப்பு வேகத்தில் போகவேண்டியிருப்பதால், செலவாகும் திறன் எட்டு மடங்காகிறது.

ஒரு நல்ல கூட்டை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓட அதற்கு 120 வாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி உள்ள எவரும் இதை மூச்சு வாங்காமல் தந்துவிடுவார். அதே கூட்டை விநாடிக்கு 4 மீட்டரில் ஓட்ட 960 வாட் வேண்டும். உடல்வாகு நன்றாக உள்ள ஓர் இளைஞர் சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து தரக்கூடியது 200 முதல் 300 வாட். ஆயிரம் வாட்டைத் தொடுவது தேர்ந்த சைக்கிள் வீரர்களால் சில விநாடிகளுக்கு முடிகிற காரியம். ஓமர் 5இன் வேகம் விநாடிக்கு 4.1 மீட்டர் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள். அவர்களுடைய கூடு நம் கணக்கில் உள்ள கூட்டைவிடச் சிறந்ததாக இருந்திருக்கும் என்பதும் புரியும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரிகிறது. மிதிப்பவரின் வலிமையை 25 சதவீதம் கூட்டினாலும் வேகம் 8 சதவீதம்கூட ஏறாது. பயில்வானைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தும் பெரிய பயன் இல்லை. இந்தப் போட்டியில் பொறியியல் மாணவர்கள் ஜெயிப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மற்ற நீர் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் எப்படி? ஒற்றை ஆள் துடுப்புப் படகில் 2,000 மீட்டரை உலகின் சிறந்த வீரர்கள் ஆறரை நிமிடத்தில் கடக்கிறார்கள். அது கிட்டத்தட்ட 10 நாட், அதுவும் தனி ஆளாக, இரண்டு கிலோமீட்டர் முழுவதும். படகு ஏறத்தாழ 14 கிலோ. நீருக்குள் இருப்பது அதன் மெல்லிய அடிப்பாகம் மட்டும். காலில் ஒற்றை வால்துடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி நீந்தும் வீரர்கள் 50 மீட்டரைச் சுமார் 14 விநாடியில் கடந்துவிடுகிறார்கள்; கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 7 நாட். கூடும் பெடலும் கியரும் ஏதுமில்லாத மனித உடம்பு, பந்தய நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவற்றை முந்திவிடும் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தண்ணீரைவிட்டே மேலெழும்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு கட்டிய டெகாவிட்டேட்டர் என்ற பெடல் படகு, நீருக்கடியில் உள்ள சிறு இறக்கைகளின் மேல் எழும்பி, 1991இல் 18.5 நாட் வேகத்தில் ஓடியது.

நீர்மூழ்கிக்கு ஒரே ஒரு சலுகை கிடைக்கிறது. மேற்பரப்பில் ஓடும் படகு அலைகளை எழுப்புவதில் ஆற்றலை இழக்கிறது. ஆழத்தில் போகிற நீர்மூழ்கிக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் அதன் உடல் முழுவதும் நீரில் நனைந்து உரசுகிறது; கூடவே உள்ளே அடைந்திருக்கும் தண்ணீரையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். மனிதரும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டன் என்றால், அதை நிற்கும் நிலையிலிருந்து விநாடிக்கு 4 மீட்டருக்குக் கொண்டுவர 8,000 ஜூல் வேண்டும். 300 வாட் தருகிறவர், நீரின் எதிர்ப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு 27 விநாடி மிதிக்க வேண்டும். கார்டராக்கில் ஓட்டப்பாதை 100 மீட்டர் நேர்கோடு. எனவே கூட்டைச் சிறிதாக்கி உள்ளே நிற்கும் தண்ணீரைக் குறைப்பது எல்லா அணிகளுக்கும் முதல் வேலை. ஓட்டுபவரின் தோளும் முழங்காலும் இடிக்காத மிகச்சிறிய கூடு எது என்று தேடிப்போய், கடைசியில் குழுவிலேயே குட்டையானவரை ஓட்டுநராக்கும் யோசனை எழாத அணி இருக்காது என்று நினைக்கிறேன்.

பெடலிலிருந்து புரொப்பல்லர் வரை

தண்ணீருக்குள் கால் மிதிக்கும்போது காலே தண்ணீரைக் கலக்குகிறது. அதே எட்டு மடங்குக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. சாதாரண சைக்கிள் பெடல் கையின் நீளம் 17 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் பாதம் விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. 45 சுற்றாகக் குறைத்தால் வேகம் பாதி. காலை அசைப்பதில் வீணாகும் திறன் எட்டில் ஒரு பங்கு. ஆகையால் சாலையில் சைக்கிள் ஓட்டும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். மெதுவாக, ஆனால் அழுத்தி மிதிக்க வேண்டும். பெடலின் சுழற்சியைக் கியர் வைத்துப் புரொப்பல்லரில் பல மடங்கு கூட்டிக்கொள்ளலாம். சில அணிகள் வட்டமாக மிதிப்பதையே விட்டுவிட்டு, காலை முன்னும் பின்னும் தள்ளும் அமைப்புக்குப் போயிருக்கின்றன. முழங்கால் மேலெழ வேண்டியதில்லை என்பதால் கூட்டின் உயரமும் குறைகிறது.

புரொப்பல்லர் விஷயத்தில் ஓர் எளிய விதி உண்டு: கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பின்னால் தள்ளுவதைவிட, நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது லாபம். கிடைக்கும் உந்துதல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பின்னால் பாயும் தண்ணீரோடு போய்விடும் ஆற்றல், அந்தப் பாய்ச்சலின் வேகம் கூடக்கூட எகிறும். ஆகவே மோட்டார் படகில் காணும் அகலமான குட்டை இதழ்கள் இங்கே சரிப்படாது. நீளமான, மெலிந்த இரண்டு இதழ்கள். அதுவும் மெதுவான சுழற்சி. பார்க்க விமான விசிறியை ஒத்திருக்கும். வடிவமைப்புக் கணக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

இதழின் சாய்வுக் கோணம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முழு வேகத்துக்கு ஏற்ற கோணத்தில் வைத்தால் புறப்படும் நேரத்தில் இதழ் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே கலக்கும். பெடலும் கல்லாக இறுகும். புறப்பாட்டுக்கு ஏற்றபடி வைத்தால் வேகம் கூடியதும் கால் சும்மா சுழலும். ஓட்டத்தின் நடுவே கோணத்தை மாற்றும் அமைப்பைச் சிறந்த அணிகள் பொருத்துகின்றன. அதை அசைக்கவும் கணக்கிடவும் பாட்டரி வைத்துக்கொள்ளலாம். உந்துதலுக்கு மட்டும் அந்த நேரத்துத் தசை வலிமையைத் தவிர வேறெதுவும் கூடாது.

புரொப்பல்லர் வலப்பக்கம் சுழன்றால் கூடு இடப்பக்கம் உருளப் பார்க்கும். தரையில் சக்கரம் தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் தாங்க எதுவும் இல்லை. ஈயக்கட்டிகளை அடியிலும் ஃபோம் துண்டுகளை மேலேயும் வைத்து உருளலை அடக்குவது ஒரு வழி. எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்களை ஒரே அச்சில் வைப்பது இன்னொன்று. இது அழகான தீர்வு. ஆனால் கியர் பெட்டி சிக்கலாகிவிடும். பந்தய நாளில் பழுதாவது பெரும்பாலும் அழகான தீர்வுகள்தான்.

மூச்சுக்கும் கணக்கு உண்டு

ஓட்டத்தைக் கெடுக்கும் விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மூச்சுக் குமிழி. கடுமையாக மிதிப்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டரேனும் மூச்சு விடுவார். விட்ட காற்று கூட்டின் கூரையில் போய்த் தேங்குகிறது. ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோ எடையைத் தூக்கும். கால் நிமிடத்தில் 10 லிட்டர் தேங்கினால், நீர்மூழ்கியை 10 கிலோ விசை மேலே இழுக்கிறது, அதுவும் ஓட்டுபவரின் தலை இருக்கும் முன்பக்கத்தில். மூக்கு நிமிர்ந்து, வண்டி நேராக நீர்மட்டத்தை நோக்கிக் கிளம்பிவிடும். கூரையில் துளை போட்டுக் காற்றை வெளியேற்றலாம். ஆனால் வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றிய கூட்டின் மேல் எங்கே துளை போட்டாலும் நீரோட்டம் அங்கே கலைகிறது. துளையின் அளவும் இடமும் பற்றி ஓர் அணிக்குள் நடக்கும் வாக்குவாதத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சிலிண்டரும் தன் பங்குக்கு எடை மாறுகிறது. வழக்கமான ஒரு ஸ்கூபா சிலிண்டருக்குள் அடைத்த காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். மூச்சு இழுக்க இழுக்க அது லேசாகிறது. இத்தனைக்கும் நடுவே நீர்மூழ்கி மேலே மிதக்காமலும் கீழே அமிழாமலும், மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். துணை முக்குளிப்பவர்கள் ஃபோமை வெட்டிச் செருகியும் ஈயத்தைக் கூட்டிக் குறைத்தும் இதைச் சரிசெய்கிறார்கள். ஓட்டம் அரை நிமிடம். இந்த ஏற்பாடு அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் புறப்பாட்டிலேயே தெரிந்துவிடும். சுக்கானும் பக்கத் துடுப்புகளும் தரும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவாக நகரும்போது அவற்றுக்கு வலுவே இல்லை. எனவே முதல் சில மீட்டர்களில் ஓட்டுபவர் எதைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. சமநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். தொட்டியின் தரையில் மோதுவது, பக்கச் சுவரை உரசுவது, நீர்மட்டத்தைப் பிளந்து தலைகாட்டுவது எல்லாம் இந்தப் பந்தயங்களில் சர்வ சாதாரணம்.

குறுகிய கூட்டுக்குள், கால் பெடலோடு பிணைந்து, மூச்சு இரைக்க ஒருவர் படுத்திருக்கிறார். அவருக்கு மயக்கம் வந்தால் யாருக்குத் தெரியும்? இதற்கு விதிமுறை வைத்திருக்கும் விடை மிக எளிமையானது. ஓட்டுபவர் ஒரு பிடியை ஓட்டம் முழுவதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்த மறுகணம் கூட்டின் மேலிருந்து பளிச்சென்ற நிறமுள்ள மிதவை ஒன்று கயிற்றோடு கழன்று நீர்மட்டத்துக்கு வரும். அதைக் கண்டதும் பாதுகாப்பு முக்குளிப்பவர்கள் பாய்வார்கள். உதவி வேண்டும் என்று அவர் எந்தப் பொத்தானையும் தேடி அழுத்த வேண்டியதில்லை. நினைவு தப்பினால் விரல்கள் தாமாகத் தளரும், அதுவே அழைப்பு. பதற்றத்தில் விரல் நழுவினாலும் மிதவை கிளம்பிவிடும், அந்த ஓட்டம் வீண்தான். அதைப் பற்றி யாரும் குறைப்படுவதில்லை. இதோடு, கூட்டின் மேல் விட்டுவிட்டு மின்னும் விளக்கு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் கதவு, கண்ணில் அறையும் நிறம் பூசிய கைப்பிடி, மாற்றுக் காற்று எல்லாம் கட்டாயம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள்.

புரொப்பல்லர் இல்லாத நீர்மூழ்கிகளுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. மீனும் பென்குயினும் ஆமையும் புரொப்பல்லர் இல்லாமலே நன்றாக நீந்தும்போது நாம் ஏன் முயலக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக அணி, கயாக் படகுகளில் வரும் பெடல் துடுப்பு அமைப்பை எடுத்து, பக்கவாட்டில் வீசும் துடுப்புகளால் ஓடும் தனிவா என்ற நீர்மூழ்கியைக் கட்டியது. வேகத்தில் இந்தப் பிரிவு பொதுவாகப் பின்தங்கியே இருக்கிறது. துடுப்பு ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நின்று திரும்ப வேண்டும். புரொப்பல்லருக்கு அந்த நிற்றல் இல்லை. மீனுக்கு உடம்பே வளைகிறது. கண்ணாடியிழைக் கூடு வளையாது.

2012 முதல் ஐரோப்பாவிலும் ஒரு பந்தயம் நடக்கிறது, இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் உள்ள மிகப்பெரிய சோதனைத் தொட்டியில். அது 122 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம். இத்தனை அகலம் கிடைத்ததும் அமைப்பாளர்கள் பாதையை நேர்கோடாக விடவில்லை. வளைந்து திரும்பி, தடைகளுக்கு இடையே நெளிந்து போகும்படி வைத்துவிட்டார்கள். கார்டராக்குக்காகக் கட்டிய நீளமான கூடு நேர்கோட்டில் பிசகாமல் ஓடும், ஆனால் இங்கே திரும்ப மறுக்கும். சுக்கானைப் பெரிதாக்கினால் திரும்பும், ஆனால் உரசல் கூடி வேகம் குறையும். இரண்டு இடங்களிலும் கலந்துகொள்ள நினைக்கும் அணி, ஒரே கூட்டை வைத்துச் சமாளிப்பதா, வால்பகுதியை மட்டும் மாற்றுவதா, புதிதாகவே ஒன்றைக் கட்டுவதா என்று முடிவெடுத்துவிட்டுத்தான் அச்சு வார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.